ஒரு குடம் தண்ணீரில் ஒரு வாழைத் தாறு

(மூன்றாம் ஆண்டு, சிவில்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் வகுப்பில் வந்து அறிவித்தபோது, கம்ப்யூட்டர், காங்கிரீட், விண்வெளி என்று ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பக்கத்து பெஞ்ச் நண்பன், "நீதான் எந்நேரமும் வாழையைப் பத்தியே பேசறியே, அதையே எழுதேன்டா" என்றான். கிண்டலுக்குத்தான் சொன்னான். நான் நிஜமாகவே எழுதிவிட்டேன்!

வாழையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கல்யாண வாசலில் கட்டுகிறோம். இலை போட்டுச் சாப்பிடுகிறோம். பூ, காய், பழம், தண்டு எதையும் விடுவதில்லை. நாரில் பூக்கூடத் தொடுக்கிறோம். ஆனால் அது எப்படி வளர்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் தப்பாகத்தான் சொல்வோம். நானும் தப்பாக நட்டு, தப்பாக வளர்த்து, இரண்டு வருஷம் வீணடித்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். அந்த நஷ்டம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

வாழை ஒரு மரமா?

இல்லை. வாழை 'மரம்' என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அது ஒரு பெரிய செடி. மரம் என்றால் உள்ளே கட்டை இருக்க வேண்டும். வாழையை வெட்டிப் பார்த்தால் கட்டை எங்கே இருக்கிறது? ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய மட்டைகள்தான் இருக்கின்றன. இலையின் அடிப்பகுதிதான் மட்டை. பாயைச் சுருட்டி நிறுத்தினால் எப்படித் தூண் மாதிரி நிற்குமோ, அப்படி நிற்கிறது. இதற்குப் 'பொய்த்தண்டு' என்று பெயர். மட்டையைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே சிறு சிறு அறைகளாகக் காற்று அடைத்திருக்கும். குறைந்த பொருளில் அதிக உயரம் எழுப்பும் வித்தை அது. நம் ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் வரும் உள்ளீடற்ற தூணும் அதே கணக்குதான். நியூகினித் தீவில் ஒரு காட்டு வாழை 15 மீட்டர் வரைகூட வளர்கிறது. ஆனாலும் அதுவும் செடிதான்!

அப்படியானால் உண்மையான தண்டு எங்கே? மண்ணுக்குள் இருக்கிறது. நாம் 'கிழங்கு' என்கிறோமே, அதுதான் வாழையின் தண்டு. வேர், இலை, பக்கக் கன்று, பூ எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. வெயில் காலத்தில் தண்ணீர் ஒழுங்காகக் கிடைத்தால் வாரம், பத்து நாளுக்கு ஓர் இலை வரும். ஒவ்வொரு குருத்தும் முந்தின மட்டைகளின் நடுவே புகுந்து, சுருண்டபடியே மேலே ஏறி, வெளியே வந்துதான் விரிகிறது. கிழங்கின் நுனியில் உள்ள முளை இத்தனை மாதமும் தரைமட்டத்தில்தான் இருக்கிறது. இலைகள் போதுமான அளவு வந்தபிறகு, ஒருநாள் அந்த முளை இலை போடுவதை நிறுத்திவிட்டுப் பூ மொட்டாக மாறுகிறது. மாறியதும் மட்டைகளின் நடுவே ஒரு தண்டு மேலே ஏறுகிறது. நாம் பொரியல் செய்கிற வாழைத்தண்டு அதுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்து வீட்டில் பெருமையாகச் சொன்னேன். எங்கள் ஆயா சிரித்துவிட்டு, "கொலை தள்ளாத வாழையில தண்டு ஏதுடா? இது தெரியறதுக்கு ஒனக்கு மூணு வருஷம் படிப்பா?" என்றது. ஆயா பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதே இல்லை!

விதை இல்லாமல் பழம் எப்படி?

தண்டு உச்சிக்கு வந்ததும் கத்திரிப்பூ நிறத்தில் கூம்பு மாதிரிப் பூ வெளியே வந்து, பாரத்தால் கீழே கவிழ்கிறது. இதைத்தான் 'குலை தள்ளுவது' என்கிறோம். தினம் ஒன்றிரண்டு மடல் தூக்கும். முதலில் திறக்கும் மடல்களுக்கு அடியில் இருப்பவை பெண் பூக்கள். ஒரு மடலுக்கு ஒரு சீப்பு. பிறகு வருபவை ஆண் பூக்கள். அவை காய்க்காது, உதிர்ந்துவிடும். நாம் சமைக்கும் வாழைப்பூ பெரும்பாலும் இந்த ஆண் பூதான். அதில் தீக்குச்சி மாதிரித் தலை உருண்ட ஒரு நரம்பை அம்மா பொறுமையாக எடுத்துப் போடுவார்களே, 'கள்ளன்' என்று, அது வேலை செய்யாமல் போன சூலகத் தண்டு.

பெண் பூவுக்கு மகரந்தம் வேண்டியதில்லை. கருவுறாமலே காயாகப் பருத்துவிடும். பழத்தின் நடுவில் தெரிகிற கறுப்புப் புள்ளிகள், விதையாக வேண்டியவை ஆகாமல் போனதன் அடையாளம். காட்டு வாழையில் கல் மாதிரி விதைகள் உண்டு. தின்னச் சதையே இருக்காது. நாம் தின்னும் வாழைகளில் பெரும்பாலானவை அக்குமினேட்டா, பால்பிசியானா என்ற இரண்டு காட்டு இனங்களின் வழியில் வந்தவை. எந்த ரகத்தில் எதன் பங்கு எவ்வளவு என்று கணக்கிடும் முறையை சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்ற இருவர் 1955ல் வகுத்தார்கள். பால்பிசியானா பங்கு கூடுதலாக உள்ள கற்பூரவல்லி, மொந்தன் போன்ற ரகங்கள் வறட்சியை ஓரளவு தாங்கும். நம் மாவட்டத்துக்கு இது முக்கியமான சேதி.

காய்கள் முதலில் கீழே பார்த்துத்தான் இருக்கும். பிறகு புவியீர்ப்புக்கு எதிராக மேல்நோக்கி வளைகின்றன. வாழைப்பழம் ஏன் வளைந்திருக்கிறது என்று யாராவது கேட்டால் இனிமேல் பதில் சொல்லலாம்.

தருமபுரியில் வாழையா?

நியாயமான கேள்வி. நம் மாவட்டம் மாம்பழத்துக்குப் பெயர் போனது. பாலக்கோட்டுத் தக்காளியை எல்லோருக்கும் தெரியும். கேழ்வரகு, சாமை, புளி உண்டு. வாழை என்றால் தேனி, திருச்சி, தூத்துக்குடிப் பக்கத்தைத்தான் சொல்வார்கள். காரணம் தண்ணீர்.

நான் பென்னாகரம் தாலுகாக்காரன். ஒகேனக்கல்லில் காவிரி கொட்டுகிறது; ஆனால் எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு. பெரியவர்கள் பல்லில் படிந்த காவியைப் பார்த்தாலே எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்னால் நல்ல தண்ணீருக்கு அம்மாவும் ஆயாவும் நடந்த நடையைக் கதை கதையாகச் சொல்வார்கள். அந்த வீட்டில் போய், "வாழை வைக்கலாமா?" என்று கேட்டேன். "நீ தண்ணி சுமப்பியா?" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

அதனால் நான் கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

வாழைக்கு வருஷத்துக்குச் சுமார் 2000 மி.மீ. தண்ணீர் வேண்டும். நம் மாவட்டத்து மழை ஏறக்குறைய 850 மி.மீ. தான். ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஆறடிக்கு ஆறடி, அதாவது 1.8 மீட்டருக்கு 1.8 மீட்டர் இடம் 3.24 சதுர மீட்டர். எனவே வருஷத் தேவை 6480 லிட்டர்; நாளுக்குச் சுமார் 18 லிட்டர். மழை கொடுப்பது போக நாம் ஊற்ற வேண்டியது சராசரியாக நாளுக்குப் பத்து லிட்டர். ஆனால் மழை எல்லா நாளும் பெய்யாது. ஆகவே காய்ந்த மாதங்களில் முழுத் தண்ணீரும் நாம்தான் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொட்டுநீருக்குச் சொல்லும் அளவும் இதை ஒட்டியே வருகிறது: முதல் நான்கு மாதம் 15 லிட்டர், பிறகு குலை தள்ளும் வரை 20, அதன்பின் 25. ஆக, தோராயமாக ஒரு செடிக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம், அல்லது ஒன்றரைக் குடம்.

இனி மறுபக்கக் கணக்கு. 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்கு நாளுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்தார்கள். வீட்டில் நான்கு பேர் என்றால் 220 லிட்டர். கொடுக்கிற தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று என்விரான்மென்டல் பாடத்தில் படிக்கிறோம். அது 176 லிட்டர். கழிப்பறைத் தண்ணீரைத் தள்ளி, துணி அலசியது, குளித்தது, பாத்திரம் கழுவியது என்று பாதியை மட்டும் பிடித்தாலும் 88 லிட்டர். நான்கு வாழைக்குப் போதும்! அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டில் தெருவில் ஓடிக் கொசு வளர்த்துக்கொண்டிருந்தது.

இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் எழுதி அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாயால் சொன்னேன். "சுமக்கிறது இல்லையே? அப்பச் செய்" என்றார்கள். துவைக்கிற கல்லிலிருந்து குழி வரை ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினேன். சிவில் படிப்பில் நான் செய்த முதல் 'புராஜெக்ட்' அதுதான்.

இரண்டு எச்சரிக்கை. சோப்பு நுரை வருகிற முதல் தண்ணீரை விடாதீர்கள். அதில் உள்ள உப்பு மண்ணைக் கெடுக்கும். இரண்டாவது, மூன்றாவது அலசல் தண்ணீர் நல்லது. அடுத்தது, தண்ணீர் குழியில் தேங்கி நிற்கக் கூடாது. வாழைக்கு ஈரம் வேண்டும், சேறு வேண்டாம். வேருக்குக் காற்று போகாவிட்டால் அழுகிவிடும்.

எப்போது நடுவது? என் முதல் தப்பு

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று கேட்டிருக்கிறோம் அல்லவா? நானும் முதல் வருஷம் ஆடியில் தேடிப் பிடித்து ஒரு பூவன் கன்றை நட்டேன். பழமொழியில் தப்பில்லை. அது மானாவாரியில் விதைக்கிற பயிருக்குச் சொன்னது. வாழைக்கு நான் பொருத்தியதுதான் தப்பு.

பூவன் நட்டு எட்டு ஒன்பது மாதத்தில் குலை தள்ளும். ஆடியில் நட்டது பங்குனியில் குலை தள்ளியது. வீடே பார்த்துச் சந்தோஷப்பட்டது. சித்திரையில் நம் ஊரில் என்ன வரும்? கோடை மழைக்கு முன்னால் பேய்க்காற்று வரும். ஒரு சாயங்காலம் கால் மணி நேரக் காற்றில், பாதி முற்றிய தாறோடு வாழை தரையில் கிடந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் இலைகளை அறுத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார். பிஞ்சுக் காயை ஒரு வாரம் பொரியல் செய்து சாப்பிட்டோம்.

தோட்டக்கால் வாழைக்குக் கார்த்திகை, மார்கழியும், தை, மாசியும் ஏற்ற காலம். ஐப்பசி மழை முடிந்து மண் ஈரமாக இருக்கும்போது நட்டால், அடுத்த ஆவணி வாக்கில் குலை தள்ளும், கார்த்திகை, மார்கழியில் வெட்டலாம். சித்திரைக் காற்று வரும்போது செடியில் தாறு இருக்காது. காற்றும் போகும், பொங்கலுக்குப் பழமும் ஆகும்.

கன்றும் குழியும்

வாழையின் அடியில் இரண்டு விதமான கன்று வரும். ஒன்று, இலை ஈட்டி மாதிரி ஒல்லியாக இருக்கும். அடி பருத்து, தாய்க் கிழங்கோடு பலமாக ஒட்டியிருக்கும். இதுதான் நடுவதற்கு ஏற்றது. மற்றது சின்ன வயதிலேயே அகல இலை விட்டுப் பார்க்கக் கொழுகொழு என்று இருக்கும். ஆனால் கிழங்கு பலம் இருக்காது. நீர்க்கன்று என்பார்கள். ஆளைப் பார்த்து ஏமாறக் கூடாது. கிழங்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருந்தால் நல்லது. வேர்களைச் சீவி, கிழங்கில் அழுகல், ஓட்டை இருந்தால் அந்தப் பகுதியை நீக்கி, கிழங்குக்கு மேலே ஒரு சாண் அளவு தண்டை விட்டு வெட்டி நடலாம். திசு வளர்ப்புக் கன்று கிடைத்தாலும் நல்லது. வைரஸ் சோதனை செய்த கன்றா என்று கேட்டு வாங்க வேண்டும்.

குழி நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஒன்றரை அடி. தோண்டிச் சில நாள் வெயில் காயவிட்டு, மேல் மண், மக்கிய தொழு எரு, வேப்பம் பிண்ணாக்கு கலந்து நிரப்பி நடுவில் கன்றை வைத்து மிதித்துவிட வேண்டும். செடிக்குச் செடி ஆறு, ஏழு அடி இருக்கட்டும். சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

வாழைக்கு எல்லாவற்றையும்விடப் பொட்டாஷ் அதிகம் வேண்டும். தோட்டக்காலில் நேந்திரன் தவிர்த்த ரகங்களுக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரை, செடி ஒன்றுக்குத் தழைச்சத்து 110 கிராம், மணிச்சத்து 35, சாம்பல்சத்து 330. தழைச்சத்தைப்போல் மூன்று மடங்கு சாம்பல்சத்து! மூன்று, ஐந்து, ஏழாம் மாதங்களில் பிரித்துக் கொடுக்கலாம். பெயரிலேயே இருக்கிறதே, விறகு அடுப்புச் சாம்பலிலும் இந்தச் சத்து உண்டு. எங்கள் வீட்டுச் சாம்பல் இப்போது குப்பைக்குப் போவதில்லை. சமையல் கழிவு, காய்ந்த வாழைச் சருகு எல்லாவற்றையும் அடியில் மூடாக்காகப் போட்டால் ஈரமும் நிற்கும்.

கன்று நீக்குவது: என் இரண்டாவது தப்பு

முதல் வாழை விழுந்தாலும் கிழங்கு சாகவில்லை. சுற்றிலும் கன்றுகள் கிளம்பின. நிறையக் கன்று என்றால் நிறையத் தாறு என்று நினைத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். புதர் மாதிரி ஆனது. மூன்று கன்று குலை தள்ளின. மூன்று தாறும் சேர்த்துக் கடைத் தராசில் 12 கிலோதான். காய் விரல் கனம். கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரே கிழங்குத் தொகுதி, ஒரே குடம் தண்ணீர், ஒரே பிடி சாம்பல். அதைப் பத்துப் பேர் பங்கு போட்டால் எல்லோரும் அரை வயிறுதான். அதனால் மாதம் ஒருமுறை பக்கக் கன்றுகளை நீக்க வேண்டும். தாய் குலை தள்ளும் சமயத்தில் நல்ல ஈட்டிக் கன்றாக ஒன்றே ஒன்றை, அடுத்த பயிருக்காக விட வேண்டும். இதுதான் விதி. தாய் ஒரே ஒரு தாறு போட்டதும் அதன் ஆயுள் முடிந்தது. அடுத்தது அந்த ஒற்றைக் கன்றுதான்.

போன வருஷம் பொங்கல் லீவில் இதைச் செய்ய உட்கார்ந்தேன். ஒன்பது கன்று இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடையாளம் கட்டிவிட்டு, மற்ற எட்டையும் அரிவாளால் வெட்ட ஆரம்பித்தேன். அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கும் அக்காவுக்கும் ஒரே வருஷம் ரிசல்ட் வந்தது. எனக்குப் பத்தாவது, அவளுக்குப் பிளஸ் டூ. எங்கள் வீட்டில் எங்களுக்கு முன்னால் யாரும் படித்ததில்லை. மார்க் அவளுக்குத்தான் அதிகம். ஒருவரைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்று பேச்சு வந்தபோது, "தம்பி படிக்கட்டும்" என்று அவளே சொல்லிவிட்டாள். அடுத்த மாதமே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். என் செமஸ்டர் பீஸ் அங்கிருந்துதான் வருகிறது.

அக்கா கேட்டாள்: "எட்டையும் வெட்டிட்டா ஒண்ணு நல்லா வரும். சரிதான். வெட்டினதை எங்கடா போடுவ?"

"எருக்குழியில."

அவள் எதுவும் பேசாமல் எழுந்து வந்து கடப்பாரையை வாங்கினாள். ஒரு ஈட்டிக் கன்றைச் சுற்றித் தோண்டி, கிழங்கோடு பெயர்த்து எடுத்து என் முன்னால் வைத்தாள். "இதுவும் தனியா வரும்டா. எடம்தான் வேணும்" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பாடத்துக்கு வருவோம். புத்தகத்தில் 'கன்றுகளை நீக்க வேண்டும்' என்றுதான் இருக்கும். ரொம்பச் சின்னதும், நீர்க்கன்றும் போனால் போகட்டும். தேறிய ஈட்டிக் கன்றை வெட்டிக் குப்பையில் போடுவது பாவம். கிழங்கோடு பெயர்த்தால் அது ஒரு முழு வாழை. அன்றைக்கு மீதியிருந்ததில் நான்கைப் பெயர்த்தோம். ஒன்றைத் தெருக்குழாயடியில் வழிந்தோடும் தண்ணீருக்குப் பக்கத்தில் நட்டோம். மூன்றைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம்.

முட்டுக் கொடுப்பது

வாழையின் வேர் பெரும்பாலும் மேல் மண்ணில்தான் பரவுகிறது. ஆழமான அஸ்திவாரம் இல்லாத உயரமான தூணுக்கு, உச்சியில் ஒரு பக்கமாகப் பதினைந்து கிலோவைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? அப்ளைடு மெக்கானிக்ஸில் மொமென்ட் என்று படித்தோமே, பளு பெருக்கல் தூரம், அது இதுதான். அத்தோடு இலையில் காற்றின் தள்ளு விசையும் சேரும். (இலை ஓரம் கிழிந்து தொங்குவதைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம். கிழிந்த இலையில் காற்று புகுந்து போய்விடும். முழு இலைதான் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும்.)

அதனால் குலை தள்ளியதும் தாறு தொங்கும் பக்கமாகச் சவுக்குக் கம்பு அல்லது மூங்கிலைக் கவை மாதிரிக் கட்டி முட்டுக் கொடுங்கள். அடியில் மண் அணைத்துவிடுங்கள். கடைசிச் சீப்பு விரிந்து ஒரு வாரத்தில் நுனிப் பூவை ஒடித்துவிட்டால் சத்து காய்க்குப் போகும். பூ கூட்டுக்கு ஆச்சு!

நோய்கள்

எல்லாவற்றையும் எழுத இடமில்லை. மூன்றை மட்டும் கண்ணால் அடையாளம் காணப் பழகுங்கள்.

முடிக்கொத்து நோய்: புது இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும். இலைக் காம்பில் கரும்பச்சைக் கோடுகள் தெரியும். வைரஸ் நோய் இது. அசுவினிப் பூச்சி பரப்பும். மருந்து கிடையாது. கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் போன விருப்பாட்சி மலைவாழையைப் பெரும் அளவில் அழித்தது இந்த நோய்தான்.

வாடல் நோய்: மூத்த இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, ஒடிந்து, பாவாடை மாதிரித் தண்டைச் சுற்றித் தொங்கும். தண்டை வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கோடு இருக்கும். மண்ணில் வாழும் பூஞ்சை இதற்குக் காரணம். ரஸ்தாளி, மொந்தன், கற்பூரவல்லியை அதிகம் தாக்கும். வாழை விதையால் பெருகுவதில்லை. கன்றெல்லாம் தாயின் நகல். ஆகவே ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். 'குரோ மிஷேல்' என்ற ஒரே ரகத்தை நம்பி அமெரிக்கக் கண்டத்தில் பெருந்தோட்டங்கள் போட்டார்கள். இந்த நோயால் 1960களுக்குள் அது வாணிபத்திலிருந்தே போய்விட்டது. அந்த இடத்துக்கு வந்த கேவண்டிஷ் ரகத்தையும் இப்போது அதே பூஞ்சையின் புது வகை ஒன்று தாக்குகிறது. அது 2019ல் கொலம்பியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. நம் நாட்டில் பீகார், உத்தரப் பிரதேசத்திலும் இருக்கிறது. எனவே நான்கு வாழை வைத்தால் நான்கு ரகமாக வையுங்கள். நோய் கண்ட இடத்துக் கன்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கூன்வண்டு: தண்டில் ஓட்டையும் பிசினும் வடியும். வெட்டிய வாழைத்தண்டை இரண்டடி நீளத்துக்கு நறுக்கி, நெடுக்காகப் பிளந்து, வெட்டிய பக்கம் தரையில் படும்படி போட்டு வையுங்கள். வாசனைக்கு வண்டு வந்து சேரும். காலையில் பொறுக்கி அழித்துவிடலாம்.

சந்தேகம் வந்தால் நம் மாவட்டத்திலேயே பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. திருச்சியில் 1993ல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வாழைக்கென்றே ஒரு மையம் நம் மாநிலத்தில் இருப்பது பெருமைதானே!

அறுவடை

குலை தள்ளி மூன்று, நான்கு மாதத்தில், காயின் முனைக்கோடுகள் மறைந்து உருண்டு வந்தால் வெட்டலாம். பழுக்க வைக்கக் கார்பைடு கல் போடக் கூடாது, சட்டப்படியும் தடை. தாற்றை நிழலில் தொங்கவிட்டாலே சீப்பு சீப்பாகப் பழுக்கும். அவசரம் என்றால் மூடிய பாத்திரத்தில் ஒரு பழுத்த பழத்தோடு வைத்தால் போதும். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு மற்றதைப் பழுக்க வைக்கும்.

தாறு வெட்டியதும் தாயை அடியோடு சாய்த்துவிடாதீர்கள். பாதித் தண்டை விட்டு வையுங்கள். அதில் உள்ள சத்தும் நீரும் கிழங்கு வழியாகக் கன்றுக்கு இறங்கும். தானாக வாடியபிறகு எடுத்து அதே செடிக்கு எருவாகப் போடலாம்.

முடிவாக

நான் விட்ட அந்த ஒற்றைக் கன்று போன கார்த்திகையில் தாறு கொடுத்தது. 15 கிலோ. முன்பு திருப்பிக் கொடுத்த அதே கடைக்காரர் எடுத்துக்கொண்டார். நான்கு சீப்பை வீட்டுக்கு வைத்துக்கொண்டோம். அக்கா தோண்டிக் கொடுத்து, குழாயடியில் நட்டோமே, அதுவும் இப்போது குலை தள்ளி நிற்கிறது. அதற்கு யாரும் தண்ணீர் சுமக்கவில்லை. தெருவில் வீணாகப் போனதைக் குடித்தே வளர்ந்தது.

'வாழையடி வாழையாக' என்று வாழ்த்துகிறோம். ஒரு கன்று தழைக்க மற்றதை ஒதுக்க வேண்டியிருக்கிறது என்பதும் அந்த வாழ்த்துக்குள் இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் இடம் அவ்வளவுதான். ஆனால் ஒதுக்கியதற்கு வேறு இடம் தேடுவது, தழைத்தவன் செய்ய வேண்டிய வேலை. இந்தப் பொங்கலுக்கு அக்கா வந்தபோது, தபால் வழியில் டிகிரி படிக்க விண்ணப்பப் படிவம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை. நான் விடுவதாக இல்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஆறடி இடம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நல்ல பூவன் ஈட்டிக் கன்று என்னிடம் ஐந்து இருக்கிறது. வேண்டுபவர்கள் மூன்றாம் ஆண்டு சிவில் வகுப்பில் வந்து கேட்கலாம். காசு வேண்டாம். சாக்குப் பை மட்டும் கொண்டு வரவும்.